வெட்டக் கூடாத நூல்

எங்கள் நிறுவனத்தில் இப்போது அளவெடுக்கும் டேப்புக்கு வேலை இல்லை. நான் ஓய்வு பெறுவதற்குச் சில வாரங்கள் முன்னால், டிசைன் பிரிவை என்னிடமிருந்து ஏற்றுக்கொள்ளவிருந்த நிவேதா ஒரு செயலியைக் கொண்டுவந்தாள். கைபேசி கேமரா முன்னால் நின்று, கைகளைச் சற்று அகட்டி, ஒரு சுற்றுச் சுற்ற வேண்டும். கழுத்து, தோள், மார்பு, இடுப்பு, கைநீளம் என்று எல்லா அளவும் திரையில் வந்து விழும்.

"இனிமே அளவு தப்பாவே போகாது சார்," என்றாள்.

சோதனைக்கு முதல் ஆளாக என்னை நிறுத்தினாள். எனக்குப் பிறகு கட்டிங் மாஸ்டர் நின்றார், கணக்குப் பிரிவு மொத்தமும் நின்றது, வாட்ச்மேன் அண்ணாச்சி தொப்பியைக் கழற்றிவிட்டு நின்றார். ஓரமாக உட்கார்ந்து ஒவ்வொருவரையும் பார்த்தேன். கேமரா தயார் என்று குரல் கொடுத்ததும் ஒருவர் விடாமல் மூச்சை உள்ளே இழுத்தார்கள். வயிறுகள் மறைந்தன. தோள்கள் விரிந்தன. வாட்ச்மேன் அண்ணாச்சி ராணுவத்தில் ஆள் எடுக்கும் வயதுக்குத் திரும்பிப் போய்விட்டார். நானும் இழுத்திருந்தேன். யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை.

செயலி நல்ல செயலிதான். தனக்குக் காட்டியதைப் பிசகாமல் அளக்கிறது. காட்டியது உண்மையா என்று அதற்குத் தெரியாது. புதிதாகச் சேருகிறவர்களுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று நிவேதா கேட்டபோது, இதைத்தான் எழுத வேண்டும் என்று தோன்றியது. அளவு எடுப்பது சுலபம். எடுத்த அளவை எவ்வளவு தூரம் நம்பலாம் என்று தெரிந்துகொள்ளத்தான் எனக்கு ஒரு உத்தியோக காலம் பிடித்தது.

நான் நாசரேத்துக்காரன். அப்பா தலைமையாசிரியர். எங்கள் வீட்டில் இரண்டே பாதைகள்: ஆசிரியர் ஆவது, அல்லது ஆசிரியர்களை மிரட்டும் அதிகாரி ஆவது. ஆங்கில இலக்கியத்தில் எம்.ஏ. முடித்த கையோடு, சென்னைக்குப் போய் ஆடை வடிவமைப்பு படிக்கப் போகிறேன் என்றேன். அப்பா ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. ஞாயிறு ஆராதனை முடிந்து வெளியே வருகையில் சபையார் விசாரித்தபோது, "துணி சம்பந்தமான இன்ஜினியரிங்" என்றார். அதற்குப் பிறகு அந்தப் பதிலை அவர் மாற்றவேயில்லை. பல வருடம் கழித்து அவருடைய பிறந்தநாள் ஸ்தோத்திரக் கூட்டத்தில் போதகர் என்னை இன்ஜினியர் என்றே அறிமுகப்படுத்தினார். நானும் எழுந்து கும்பிட்டேன்.

படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. தலையைப் போல ஒன்பது மடங்கு உயரமுள்ள பெண்களை வரைந்து தள்ளினேன். தூத்துக்குடிக்குத் திரும்பிய பிறகு அப்படி ஒருத்தியையும் பார்க்கவில்லை.

தொழிலைக் கற்றது படிப்பு முடிந்த கையோடு, சென்னையிலேயே ஓர் ஏற்றுமதி நிறுவனத்தில், ரூபி மேடத்திடம். சாத்தான்குளத்துக்காரர். மாதிரி ஆடை எதுவும் அவர் மேசையைத் தாண்டாமல் வெளியே போகாது. ஒரு மாதிரியைக் கொண்டுபோய்க் கொக்கியில் மாட்டினால் அதன் முன்பக்கத்தை அவர் பார்க்க மாட்டார். கழற்றுவார். உள்பக்கத்தை வெளியே புரட்டுவார். மறுபடி மாட்டுவார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பார். முதலில் கைக்குழி, அடுத்து பக்கத் தையல், அடுத்து அடிமடிப்பு, கடைசியில் கழுத்து. இந்த வரிசை ஒருநாளும் மாறியதில்லை. எல்லாம் முடிந்தபின், போனால் போகிறது என்பதுபோல வெளிப்பக்கத்தை ஒருமுறை பார்ப்பார்.

தவறு இருந்தால் ஒரு வார்த்தை திட்ட மாட்டார். மேசை இழுப்பறையைத் திறந்து, தையல் பிரிக்கும் கருவியை எடுத்து, பிடி என் பக்கம் இருக்கும்படி உள்ளங்கையில் வைப்பார்.

"மெதுவா பிரி, நாசரேத்து. துணி உன்னய ஒண்ணும் செய்யல."

என் பெயர் அவருக்குக் கடைசிவரை நாசரேத்துதான்.

ஒருநாள் பொறுமையிழந்து கேட்டுவிட்டேன். "மேடம், வாங்குறவங்க வெளிப்பக்கத்தத்தான பாக்காங்க?"

"வெளிப்பக்கத்த மத்தவன் பாப்பான். உடுத்துறவ உள்பக்கத்துலல்லா இருக்கா," என்றார். எம்.ஏ.வில் இதற்கு இணையாக எனக்கு எதுவும் சொல்லித் தரவில்லை.

பழைய துணியைப் படிக்கவும் அவர்தான் கற்றுத் தந்தார். வெயில் பட்ட துணி எது, படாத துணி எது, பிரித்த தையலின் ஊசித்துளை எத்தனை சலவைக்குப் பிறகு மூடும் என்றெல்லாம் சொல்வார். அப்போது இதெல்லாம் எதற்கு என்று நினைத்தேன்.

சில வருடங்களில் சொந்த லேபிள் ஆசை வந்து தூத்துக்குடிக்கு வந்து சேர்ந்தேன். பழைய துறைமுகத்துக்குப் போகும் தெருவில், ஐஸ் வியாபாரி ஒருவர் சரக்கு வைக்கும் கிட்டங்கிக்கு மேல்மாடி. லேபிளுக்குப் பெயர் 'கொண்டல்'. எங்கள் கரையில் கிழக்கே கடலிலிருந்து வீசும் காற்றுக்கு அதுதான் பெயர். அழகான பெயர் என்று வைத்தேன். அந்தக் காற்று வைத்த வேலை வேறு: ஒரே இரவில் மெஷின் ஊசிகளில் துரு ஏற்றிவிடும். தினம் வேலை முடிந்ததும் எல்லா ஊசியையும் கழற்றி, தேங்காய் எண்ணெய்த் துணியில் துடைத்து டப்பாவில் போட்டு மூட வேண்டும். பெயர்ப் பலகைக்கு எதிரே நாங்கள் செய்துவந்த அன்றாட வழிபாடு இது.

முதல் ஆளாக வேலைக்கு வந்தவள் ஜெசிந்தா. புன்னைக்காயல்காரி. கோயில் பாடகர் குழு அங்கிகளும் முதல் நற்கருணை வாங்கும் சிறுமிகளுக்குப் புதுநன்மைக் கவுன்களும் தைத்துக்கொண்டிருந்தவள். நான் வரைந்த முதல் வடிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "அண்ணே, இத உடுத்திட்டு பஸ்ல எப்படி ஏறுறது?" அந்த வடிவம் அன்றோடு ஓய்வு பெற்றது.

ரெடிமேட் மேல்சட்டைகளோடு தொடங்கினோம். சிறியது, நடுத்தரம், பெரியது என்று ஆங்கில எழுத்துகளை ஒட்டினோம். பெரியதை ஒருத்தியும் கையால் தொடவில்லை. தொட்டவளும் "அக்காவுக்கு" என்றாள். சரி, எழுத்துதானே உறுத்துகிறது என்று, எங்கள் கடற்கரை ஊர்ப் பெயர்களை அளவுகளுக்கு வைத்தேன். மணப்பாடு சிறியது, புன்னைக்காயல் நடுத்தரம், கீழவைப்பார் பெரியது. கவித்துவமான யோசனை என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன். பத்து நாள் தாங்கவில்லை. கீழவைப்பாரிலிருந்து மூன்று பெண்கள் மாடிப்படி அதிர ஏறி வந்தார்கள்.

"எங்க ஊர்க்காரி எல்லாம் குண்டுன்னு எழுதி ஒட்டி விக்கியளா?" என்றாள் முன்னால் வந்தவள்.

"அப்படி இல்லம்மா, அது ஒரு..."

"ஒரு என்னது? சொல்லுங்க. மணப்பாட்டுக்காரி மட்டும் கொடியிடையோ? எங்க அண்ணன் கெட்டுன மயினி மணப்பாடுதான், வந்து பாருங்க, வாசல்ல சாய்ஞ்சுதான் நுழைவா."

ஜெசிந்தா மெஷினுக்குக் கீழே எதையோ தேடுவதுபோலக் குனிந்துகொண்டாள். அவள் முதுகு குலுங்குவது தெரிந்தது. அன்றே ஊர்ப் பெயர்களைப் பிரித்தோம். மெதுவாகத்தான் பிரித்தோம், துணி எங்களை ஒன்றும் செய்யவில்லை.

கடைசியில் இந்த ஊர்ப் பெண்கள் நம்பும் ஒரே முறைக்கு வந்து சேர்ந்தேன். அதுதான் அளவு ஜாக்கெட். உடம்பில் டேப் வைக்க விட மாட்டார்கள், அதுவும் ஆண் டேப்பை. தங்களுக்குப் பொருந்தும் பழைய ஜாக்கெட் ஒன்றை மஞ்சள் பையில் வைத்துக் கொடுப்பார்கள். அதைப் பார்த்துத் தைக்க வேண்டும். கேட்பதற்குக் கச்சிதமான ஏற்பாடு. நடைமுறையில் அந்தப் பையில் இருப்பது எப்போதும் அவர்களுடைய இன்றைய அளவாக இருக்காது. கல்லூரிக் காலத்து ஜாக்கெட் வரும். தங்கை ஜாக்கெட் வரும். "அடுத்த மாசம் இளைச்சிருவேன், அதுக்குத் தகுந்தாப்ல தைங்க" என்ற நம்பிக்கை ஜாக்கெட்டும் வரும். தைத்துக் கொடுத்தபின் கொக்கி மாட்டாவிட்டால் குற்றம் தையற்காரர்களுடையது. ரூபி மேடம் சொல்லித் தந்தபடி ஒவ்வொன்றையும் உள்ளே புரட்டிப் பார்த்து, இரண்டில் ஒன்றைச் சத்தமில்லாமல் கொஞ்சம் பெரிதாகத் தைத்தோம். "நீங்க தைச்சாத்தான் கச்சிதம்" என்று பெயர் வந்தது. உண்மையில் எங்கள் தொழில் பாதி தையல், பாதி மன்னிப்பு.

அப்போதுதான் சந்திரபுஷ்பம் அக்கா வந்தார்.

உப்பு வியாபாரக் குடும்பம். பலகையில் கணவர் பெயர் இருக்கும். கிட்டங்கியில் மூட்டை எண்ணுவது, லாரிக்காரரைச் சத்தம் போடுவது, வேலையாட்களுக்கு டீ சொல்வது எல்லாம் அக்காதான். மகனுக்குக் கல்யாணம். பெண் விளாத்திகுளம். எங்கள் பக்கத்தில் மணப்பெண்ணின் முகூர்த்தப் பட்டும் அதற்கான ஜாக்கெட்டும் மாப்பிள்ளை வீட்டார் செலவு. அந்த ஜாக்கெட்டோடு வீட்டுப் பெண்கள் அத்தனை பேருக்கும் சேர்த்து எங்களிடம் கொடுத்தார். அதுவரை எங்களுக்கு வந்த வேலைகளிலேயே பெரியது. ஊர் வியாபாரிகள் மொத்தமும் கூடும் கல்யாணம் அது. அங்கே கொக்கி மாட்டினால் 'கொண்டல்' நிற்கும். மாட்டாவிட்டால் நான் நாசரேத்தில் இங்கிலீஷ் வாத்தியார்.

அக்கா மேசைமேல் பச்சை ஜாக்கெட் ஒன்றை எடுத்து வைத்தார்.

"பொண்ணு வீட்டுலருந்து வாங்கிட்டு வந்தேன் தம்பி. இதே அளவு. ஒரு நூல் கூடவும் கூடாது, கொறையவும் கூடாது. தைச்சு முடிச்சதும் இதுமேல வச்சுப் பாப்பேன்."

"பொண்ணு ஒரு தடவ வந்து போட்டுப் பாத்தா நல்லதுக்கா."

"கல்யாணத்துக்கு முன்ன எங்க வருவா? அதுவும் இல்லாம, பொண்ணு பாக்கப் போனப்ப எங்க நாத்தனா வாய வச்சிட்டுச் சும்மா இல்லாம, பொண்ணு கொஞ்சம் பூசினாப்ல இருக்குன்னுட்டா. அந்தப் பிள்ள காதுல விழுந்திருச்சு போல. அதுலருந்து சோறே எறங்கலியாம். இப்ப நல்லா இளைச்சிட்டான்னு அவ அம்மை சொல்லுதா. சாக்கெட்டப் பாத்தாலே தெரியுதுலா, எவ்வளவு சிறுசு."

அக்கா போனதும் ஜாக்கெட்டை உள்ளே புரட்டினேன். கைக்குழி. பக்கத் தையல். அங்கேயே நின்றுவிட்டேன்.

பக்கத் தையல் நூல் புதிது; துணியின் பச்சையை விட ஒரு சாயல் கூடுதல். மெஷின் தையலும் இல்லை, கையால் போட்டது. சில இடத்தில் நெருக்கம், சில இடத்தில் இடைவெளி. அதற்கு வெளியே இரண்டு விரல் தள்ளி, வரிசையாகக் காலி ஊசித்துளைகள். பழைய தையல் இருந்த தடம் அது. அந்தத் தடத்துக்கு அப்பால் உள்ள துணி, கடையில் வாங்கியபோது இருந்த அதே அடர் பச்சை. தடத்துக்கும் புதிய தையலுக்கும் நடுவில் உள்ள துணியோ வெளிப்பக்கத்தைப் போலவே வெளிறிக் கிடந்தது. அதாவது அந்த இரண்டு விரல் அகலத் துணி பல வருடம் வெயிலைப் பார்த்துவிட்டு, மிகச் சமீபத்தில்தான் உள்ளே குடிபோயிருக்கிறது. இரண்டு பக்கமும் இதே கதை. அந்தப் பெண் இளைக்கவில்லை. ஜாக்கெட்தான் இளைத்திருந்தது. அவளே உட்கார்ந்து, ஆள் இல்லாத நேரத்தில், கையால் பிடித்துத் தைத்திருக்கிறாள்.

ஜெசிந்தாவிடம் காட்டினேன். அந்தக் கோணல் தையலைக் கொஞ்ச நேரம் தடவிப் பார்த்தாள்.

"சேசுவே. அக்காட்ட சொல்லிருவமாண்ணே?"

"சொன்னா?"

"பொண்ணு வீட்டுக்காரவிய பொய் சொல்லிட்டாவன்னு மண்டபம் பூரா பேசும். அந்த நாத்தனா ஒருத்தி போதும்."

"சொல்லாம இதே அளவுக்குத் தைச்சா?"

"முகூர்த்த நேரத்துல கொக்கி மாட்டாது. அப்பவும் பேசும்."

"பெருசாத் தைச்சா?"

"அக்கா மேல வச்சுப் பாப்பாவ. நாம மாட்டுவோம்."

முகம் தெரியாத ஒரு பெண்ணின் மானமும் எங்கள் லேபிளும் ஒரே ஜாக்கெட்டுக்குள் மாட்டிக்கொண்டு நின்றன. எனக்குத் தெரிந்த செய்முறை எதிலும் இதற்கு வழி இல்லை. ஜன்னலோரம் போய் நின்றேன். கீழே ஐஸ் வியாபாரியின் ஆள், மீன் பெட்டிக்குப் போட உப்பு மூட்டை ஒன்றைத் திறந்துகொண்டிருந்தார். கத்தியும் இல்லை, கத்திரியும் இல்லை. மூட்டை வாயில் தொங்கிய நூலை ஒரு இழு. டர்ர் என்று மூட்டை வாய் முழுக்க அவிழ்ந்தது. தினம் கேட்கும் சத்தம்தான். அன்றைக்குத்தான் காதில் விழுந்தது.

சங்கிலித் தையல். ஒரே நூல், வளையத்துக்குள் வளையமாகக் கோத்துக்கொண்டு போகும். தொடங்கிய முனையில் எவ்வளவு இழுத்தாலும் அவிழாது. முடிந்த முனையில், கடைசி வளையத்திலிருந்து வாலை உருவி இழுத்தால் மொத்தமும் ஒரே மூச்சில் வந்துவிடும்.

ஜாக்கெட்டைப் பெண்ணின் உண்மை அளவுக்குக் கெட்டித் தையலாகத் தைத்தோம். அதற்கு உள்ளே இரண்டு விரல் தள்ளி, பொய் அளவுக்கு ஒரு சங்கிலித் தையல், கை ஓரத்தில் தொடங்கி, அக்குள் வழியாக இறங்கி, இடுப்புப் பட்டியில் முடியும். பட்டில் துளை தெரியாதபடி மிக மெல்லிய ஊசி. தெரிந்தாலும் கைக்கடியில் போய்விடும். இரண்டு பக்கமும் கடைசி வளையத்துக்குள் நூலைச் செருகிப் பூட்டி, விரல் நீளத்துக்கு வால் விட்டோம். கல்யாணத்தன்று பெண்ணுக்குச் சேலை கட்டிவிடப் போவது ஜெசிந்தா. கொக்கி எட்டினால் விட்டுவிடுவாள். எட்டாவிட்டால் வாலை இழுப்பாள். பெண்ணும் ஜெசிந்தாவும் தவிர யாருக்கும் தெரியாது.

அக்கா வந்து, பச்சை ஜாக்கெட்டின் மேல் பட்டு ஜாக்கெட்டை விரித்து, ஓரத்தோடு ஓரம் வைத்துப் பார்த்தார்.

"அச்சு அசல்," என்றார். "படிச்ச பிள்ளைட்ட குடுத்தா இதான்."

படித்த பிள்ளை மறுநாள் அதை இஸ்திரிக்கும் மடிப்புக்கும் அனுப்பிவிட்டு நிம்மதியாகத் தூங்கினான்.

முகூர்த்தம் விடியற்காலை. மண்டபத்தில் முன்வரிசையில் காபி டம்ளரோடு உட்கார்ந்திருந்தேன். கைபேசி அடித்தது. ஜெசிந்தா.

"அண்ணே, வாலக் காணோம்!"

"எந்த வால்?"

"நூல் வால்ணே! ரெண்டு பக்கமும் ஒட்ட நறுக்கிருக்கு. கொக்கி நாலும் எட்டல."

எனக்கு உடனே விளங்கிவிட்டது. எங்கள் ஃபினிஷிங் பிரிவுச் சுவரில் ஒரு பலகை உண்டு: 'தொங்கும் நூல் ஒன்றுகூட வெளியே போகக் கூடாது.' என் கையெழுத்து. அந்த விதியை மீறியவர்களிடம் ரூபி மேடத்தின் பாணியில் பிரிக்கும் கருவியை நீட்டி நீட்டி, அங்கே உள்ள பெண்களை நாட்டிலேயே தலைசிறந்த நூல் வெட்டிகளாக ஆக்கி வைத்திருந்தேன். அவர்கள் தங்கள் கடமையைச் செய்திருந்தார்கள்.

"கீழ் முனையில கடைசி வளையம் இருக்கும். அதக் கண்டுபிடி."

"என்னது? கேக்கல!"

நாதஸ்வரம் அப்போதுதான் உச்சத்துக்குப் போனது.

"கீழ் முனை! வளையம்!"

"வளையலா? வளையல் எல்லாம் போட்டாச்சுண்ணே!"

எழுந்து மணப்பெண் அறை இருந்த தாழ்வாரத்துக்கு ஓடினேன். கதவுக்கு வெளியே நின்றேன். அதற்கு மேல் ஆண்களுக்கு வேலை இல்லை. அதற்குள் எனக்கு முன்னால் பட்டுச்சேலை சரசரக்க ஒருவர் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார். சந்திரபுஷ்பம் அக்கா. கதவு சாத்திக்கொண்டது. ஆறிப்போன காபியோடு அங்கேயே நின்றேன். நாசரேத்தில் எந்தப் பள்ளியில் காலியிடம் இருக்கும் என்று யோசித்தது நன்றாக நினைவிருக்கிறது.

உள்ளே நடந்ததை ஜெசிந்தா சொல்லித்தான் தெரியும். இன்றைக்கும் வருடம் ஒருமுறையாவது, கேட்காமலே, நடித்துக் காட்டுவாள்.

பெண் துண்டைப் போர்த்திக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாளாம். கண்ணில் நீர் முட்டி நின்றது. அவள் அம்மா சுவரைப் பார்த்து நின்றார். அக்கா மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"என்னளா ஆச்சு?"

பெண் துண்டை இறுக்கிப் பிடித்தாள். அக்கா துண்டை விலக்கி, ஜாக்கெட் ஓரத்தைப் பிடித்து உள்பக்கம் மடக்கினார். விரலால் தையலைத் தடவினார். புருவம் ஏறியது.

"இது நம்ம கிட்டங்கித் தையல்லா? சாக்குல போடுறத எவன் பட்டுல போட்டான்?"

"எங்க அண்ணன்," என்றாள் ஜெசிந்தா.

"படிச்ச பிள்ள செய்யுற வேலையா இது! வாலு எங்க?"

"வெட்டிட்டாவ."

"முடிஞ்ச முனை மேலயா, கீழயா?"

"கீழக்கா."

அக்கா கழுத்துத் தாலிச் சங்கிலியில் கோத்திருந்த ஊக்குகளில் ஒன்றைக் கழற்றினார். குனிந்து, கடைசி வளையத்துக்குள் சிக்கியிருந்த துண்டு நூலை ஊக்கு நுனியால் நெம்பி எடுத்தார். நகத்தால் பிடித்தார். ஒரு இழு. டர்ர். அடுத்த பக்கம். டர்ர். கொக்கி நாலும் தாமாகப் போய் உட்கார்ந்தன.

அப்போதுதான் பெண்ணுக்கு அழுகை உடைந்தது. "அத்தை, அந்தப் பச்சை சாக்கெட்ட நான்தான்..."

"வாய மூடு, மை கரையுது," என்றார் அக்கா. "எங்க கல்யாணத்துக்கு எங்க அம்மை குடுத்துவிட்ட அளவு சாக்கெட்டு எனக்குள்ளதே இல்ல, எந் தங்கச்சிக்குள்ளது. முதுகு பூரா ஊக்கக் குத்திட்டு மணையில உக்காந்திருந்தேன். மூச்சு விட்டா தெறிச்சிரும். போட்டோவுல பாரு, ஒண்ணுலகூட நான் சிரிக்கல. உங்க மாமா இன்னைக்கு வரைக்கும் நான் கல்யாணம் பிடிக்காம உக்காந்திருந்தேன்னு நெனச்சிட்டு இருக்காரு. நீயாவது நல்லா மூச்சு விட்டுட்டு உக்காரு."

பெண்ணின் அம்மாதான் முதலில் சிரித்தாராம். அப்புறம் பெண். அப்புறம் நால்வரும். அந்தச் சிரிப்புச் சத்தம் தாழ்வாரத்தில் நின்ற எனக்குக் கேட்டது. ஏன் என்று விளங்காமலே நானும் சிரித்தேன்.

மணமேடையில் அந்தப் பெண் சிரித்தபடியே இருந்தாள். போட்டோக்காரர் இரண்டு தடவை "கொஞ்சம் வெக்கப்படுங்கம்மா" என்று கேட்டும் பலனில்லை. எனக்குப் பின்வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு பெண்மணி பக்கத்தில் இருந்தவரிடம், "பாத்தியா, பொண்ணு நல்லா இளைச்சிட்டா, நான் அன்னைக்குச் சொன்னது நல்லதாப் போச்சு" என்றார். அந்த நாத்தனார் அவராகத்தான் இருக்க வேண்டும். சரியான அளவில் தைத்த எந்த ஆடையும் உடுத்தியவரை இளைக்க வைக்கும். இந்த ரகசியத்தை வைத்துத்தான் பிறகு நான் வீடு கட்டினேன்.

அடுத்த வாரம் அக்கா கடைக்கு வந்தார். தன் ஜாக்கெட் ஒன்றை மேசைமேல் போட்டார். நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

"எனக்கும் அந்த நூல வைங்க தம்பி. தீவாளிக்கு ஒரு இழு, பொங்கலுக்கு ஒரு இழு, ரெண்டு வரிசை."

"வைக்கேன்க்கா."

"வால மட்டும் எவளும் வெட்டாமப் பாத்துக்கோங்க. எல்லாக் கல்யாணத்துக்கும் நான் ஊக்கோட வர முடியாது."

இதற்குத் தீர்வு சொன்னது ஜெசிந்தா. வால் நுனியில் ஒரு சிறிய முத்து கோத்து முடிச்சுப் போட்டுவிடலாம் என்றாள். மாதா கோயில் திருவிழாக் கடையில் சரமாக விற்கும் போலி முத்து. முத்து இருந்தால் அது தொங்கும் நூல் ஆகாது, அலங்காரம் ஆகிவிடும். எங்கள் பிள்ளைகள் கத்திரி வைக்க மாட்டார்கள். சுவர்ப் பலகையில் இரண்டாவது வரி எழுதினேன்: 'முத்து உள்ள நூலைத் தொடக் கூடாது.'

அதோடு அளவு எழுத்துகளை எல்லா ஆடையிலிருந்தும் எடுத்துவிட்டோம். யார் எந்த ஜாக்கெட்டைக் கொண்டுவந்தாலும் கேள்வி கேட்காமல் அதே அளவுக்குத் தைத்தோம். உண்மைக்கு உள்ளே இடம் விட்டோம். காயல்பட்டினத்திலிருந்து வளைகுடா போகும் பெட்டிகளில் எங்கள் சுடிதார்கள் போயின. சென்னையில் கடை வந்தது, கொச்சியில் வந்தது. ஜெசிந்தா பங்குதாரர் ஆனாள்; ஆனபிறகும் என் வடிவங்களைப் பார்த்து பஸ்ஸில் எப்படி ஏறுவது என்றே கேட்டாள். பத்திரிகைக்காரர்கள் வந்தார்கள். முத்துக்குளித்துறையின் பாரம்பரியத்தை ஒரு நூல் நுனியில் நிறுத்தியதாக ஒருவர் உருகி எழுதினார். நூல் வெட்டிகளுக்குப் பயந்து கட்டிய முத்து என்று அவரிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ரூபி மேடத்துக்கு ஒரு ஜாக்கெட் அனுப்பினேன். அன்று மாலையே போன்.

"நாசரேத்து, உள்ள பாத்தேன்."

"சொல்லுங்க மேடம்."

"பிரிக்கிற கருவிக்கு வேல இல்லாமப் பண்ணிட்டியே," என்றார். வைத்துவிட்டார். அவர் என்னைப் பாராட்டியது அந்த ஒரு தடவைதான். எனக்கு அது போதுமானதாக இருந்தது.

ஓய்வு பெறும் நாளன்று கூட்டம் போட்டார்கள். மாலை, கேக், பேச்சு எல்லாம் முறைப்படி நடந்தன. கடைசியில் நிவேதா ஒரு பொட்டலம் கொடுத்தாள். எனக்காகத் தைத்த சட்டை. கடல் நீலம், நல்ல பருத்தி. அங்கேயே போட்டுக்காட்ட வேண்டும் என்று எல்லோரும் கத்தினார்கள். அறைக்குள் போய் மாற்றிக்கொண்டு வந்தேன். மேல் பொத்தான்கள் போட்டாயிற்று. வயிற்றுக்கு நேரே உள்ள பொத்தான் துளைக்குப் போகவில்லை. இழுத்தேன். போகவில்லை.

"சார், ஆப்ல எடுத்த அளவு அப்படியே," என்றாள் நிவேதா, முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல். "தப்பாவே போகாதே."

முன்வரிசையில் ஜெசிந்தா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். வாட்ச்மேன் அண்ணாச்சி கூரையைப் பார்த்தார்.

திரும்பி அறைக்குள் போனேன். சட்டையைக் கழற்றி, உள்ளே புரட்டி, ஜன்னல் கொண்டியில் மாட்டினேன். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். கைக்குழி. பக்கத் தையல். அடிமடிப்பு. அங்கே, இரண்டு பக்கமும், ஒவ்வொரு முத்து.

டர்ர். டர்ர்.

வெளியே வந்தபோது பொத்தான் போட்டிருந்தது. மூச்சையும் முழுதாக விட்டிருந்தேன். கைத்தட்டல் அடங்க நேரமானது.

"நல்லாப் பாருங்கண்ணே," என்று ஜெசிந்தா உட்கார்ந்த இடத்திலிருந்தே கத்தினாள். "உள்ள இன்னொரு வரிசையும் இருக்கு. அது பென்சனுக்கு!"

பார்த்தேன். மடிப்புக்குள் ஒளிந்து இன்னொரு ஜோடி முத்து இருந்தது. இதை எழுதும் இன்றுவரை அந்த இரண்டாவது நூலை இழுக்கவில்லை. ஆனால் கிறிஸ்துமஸ் வருகிறது, நாசரேத்திலிருந்து தங்கை கேக் அனுப்பப் போகிறாள்.